சம்பளச் சீட்டில் ஒரு வரி: சிண்டா நிதியும் சமூகப் புத்தாக்கமும்

பட்டம் பெற்று வேலைக்குச் செல்லும் நம் மாணவர்களுக்கு முதல் சம்பளச் சீட்டில் ஒரு சிறு வரி வியப்பளிக்கும். ‘சிண்டா’ என்பதற்கு எதிரே ஏழோ ஒன்பதோ வெள்ளி கழிக்கப்பட்டிருக்கும். அது சேமநிதியிலிருந்து எடுக்கப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. பணம் சம்பளத்திலிருந்தே செல்கிறது. மத்திய சேமநிதிக் கழகம் அதனை வசூலித்துக் கொடுப்பதோடு சரி. பொதுநிதிக்கும் இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் உள்ள உறவை ஆராய இந்த ஒரு வரியே போதுமானது.

சிங்கப்பூரில் இம்முறைக்கு வழிகாட்டியது 1982இல் மலாய், முஸ்லிம் சமூகத்திற்கென அமைக்கப்பட்ட மெண்டாக்கி. இந்திய மாணவர்களின் கல்வித் தேர்ச்சி பின்தங்கியிருந்ததை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அதன் பயனாக 1991இல் சிண்டா தோன்றியது. மறு ஆண்டு சீனர்களுக்கும் இத்தகைய மன்றம் வந்தது.

சிண்டா நிதியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. ஊழியர் விரும்பிச் சேரவேண்டியதில்லை; விரும்பாதவர்தான் படிவம் நிரப்பி விலகவேண்டும். திரளும் தொகைக்கு ஈடாக, ஒரு வரம்புக்குள், அரசும் வெள்ளிக்கு வெள்ளி தருகிறது. மாதம் 2,000 வெள்ளி சம்பளம் பெறுபவர் ஐந்து வெள்ளி தருகிறார். ஆண்டுக்கு 60 வெள்ளி. அரசின் பங்கும் சேர்ந்தால் 120.

இதனால் விளையும் நன்மை தொகையின் அளவில் மட்டும் இல்லை, அதன் நிலைத்தன்மையிலும் இருக்கிறது. குறிப்பிட்ட திட்டத்திற்கென மானியம் பெறும் அமைப்பு, ஓரிரு ஆண்டுகளில் எண்ணிக்கை காட்டியாக வேண்டும். ஆகவே எளிதில் வெற்றி பெறக்கூடியதையே அது தேர்ந்தெடுக்கும். மாதந்தோறும் வரும் பணமோ மெதுவாகப் பலன் தரும் முயற்சிகளுக்கு இடமளிக்கிறது. துணைப்பாட வகுப்பை நடத்துவது யாருக்கும் தெரிந்த வழி. தொண்டூழியர் ஒருவர் பிள்ளையின் வீட்டுக்கே சென்று உடனமர்ந்து படிக்கவைக்கும் சிண்டாவின் வாசிப்புத் திட்டம் அத்தகையதன்று. வாசிப்புப் பழக்கம் அடுத்த தேர்வு மதிப்பெண்ணில் உடனே தெரிந்துவிடாது அல்லவா?

ஆனால் சுமை சமமாகப் பகிரப்படுகிறதா? 2015இல் மாற்றியமைக்கப்பட்ட விகிதப்படி 1,500க்கு மேல் 2,500 வரை சம்பளம் பெறுபவர் 5 வெள்ளியும், 10,000க்கு மேல் 15,000 வரை பெறுபவர் 18 வெள்ளியும், அதற்கு மேற்பட்டவர் 30 வெள்ளியும் செலுத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,600 வெள்ளி சம்பளத்தில் இது 0.31 விழுக்காடு, 15,000 வெள்ளியில் 0.12 விழுக்காடுதான். மேலும், நன்கொடைக்கான வரிக்கழிவு வருமான வரி கட்டுபவருக்கே பயன்படும். துப்புரவு ஊழியருக்கு அதில் ஒன்றும் இல்லை. மேல்தட்டு விகிதத்தை உயர்த்துவதே முறை என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் கண்காணிப்பு. 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் நிர்வாகச் சீர்கேடு வெளியானபின், 2007இல் அறநிறுவன மன்றம் அமைந்து விதிகள் இறுகின. அது தேவையே. எனினும் ஒவ்வொரு வெள்ளிக்கும் விளக்கம் எழுதவேண்டிய நிலையில், தோல்வியடையக்கூடிய முயற்சியில் யார் துணிந்து இறங்குவார்? தாமாகவே கழிக்கப்படும் பணத்தைப் பற்றி, கொடுப்பவரும் கேள்வி கேட்பதில்லை. ஆண்டறிக்கையைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

இன அடிப்படையில் உதவி பிரிந்திருப்பது சரியா என்னும் வினா 1991 முதலே உண்டு. அந்தந்தச் சமூகத்தாருக்கே தம் வீட்டுக் கதவு திறக்கும் என்பது ஒரு வாதம். பெரிய சமூகத்திற்குப் பெரிய நிதியும் சிறிய சமூகத்திற்குச் சிறிய நிதியும் சேரும் என்பது மறுவாதம். யுரேஷியர் சங்கத்தையும் சேர்த்து இந்நான்கு அமைப்புகளும் பள்ளிகளில் மாணவர் பராமரிப்பு நிலையங்களைக் கூட்டாக நடத்துகின்றன. அங்கே பள்ளி முடிந்து வரும் பிள்ளை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.