பாகூர் போர்வீரனின் கேடயத்தில் படம் ஒட்டும் முறை

1752-இல் புதுச்சேரியை அடுத்த பாகூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் மோதின. ஆங்கிலேயத் தளபதி மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வென்றார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் உறவினரான தளபதி கெர்ஜான் தோற்றார். நம் வயல்வெளியில் நடந்த அந்தப் போரைச் சிறு பொம்மைகளாக மேசையில் அணிவகுக்க நினைப்பவர்கள் வெளிநாட்டு பிளாஸ்டிக் வீரர்களைத் தேட வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் கலை பக்கத்து வில்லியனூரிலேயே இருக்கிறது. மூன்று அங்குல உயரத்தில் கேடயம் ஏந்திய வீரர்களைச் செய்து வாங்கினால், கேடயம் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம் வரும். அதில் பிறை, சூரியன் போன்ற சின்னங்களைக் கையால் வரைவது கடினம். வாட்டர் டிகால் எனும் ஒட்டுப்படம் அதற்குத்தான்.

முதலில் படம். லேசர் பிரிண்டருக்கென விற்கும் டிகால் தாளையே வாங்குங்கள். இங்க்ஜெட் தாளை லேசர் இயந்திரத்தில் விட்டால் சூட்டில் உருகி, அச்சிட்டுத் தரும் கடைக்காரரின் இயந்திரமே கெடும். பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. எனவே கறுப்புக் கேடயத்தின் மீது, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட மஞ்சள் பிறை காணாமல் போகும். அதற்கு வெள்ளை டிகால் தாளில் அச்சிட்டு, விளிம்பை ஒட்டி வெட்டுங்கள்.

அடுத்தது அடித்தளம். முழு வேலையின் பாதி வெற்றி இதில்தான். சுட்ட மண் நீரை உறிஞ்சும். படத்தை வைத்தவுடன் ஈரம் உள்ளே போய்விடும், நகர்த்தி நேராக்க நேரமே கிடைக்காது. ஆகவே அக்ரிலிக் பெயின்ட் காய்ந்ததும் பளபளப்பான வார்னிஷை இரண்டு முறை பூசி, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிடுங்கள். சொரசொரப்பான பரப்பில் காற்று அடைபட்டு, படத்தின் அடியில் வெள்ளி போன்ற திட்டுகள் தெரியும். வழவழப்பில் அது வராது.

இனி ஒட்டுதல். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புக் கறை விடும். கேன் தண்ணீர் எடுங்கள். படத்தை அரை நிமிடம் நனைத்து வெளியே எடுத்து வையுங்கள். தாளில் லேசாக நகரத் தொடங்கியதும், ஈரப்படுத்திய கேடயத்தின் மீது பிரஷ்ஷால் தள்ளுங்கள். விரல் வேண்டாம்.

அக்காலத் தோல் கேடயம் பெரும்பாலும் வட்டமானது. நடுப்பகுதி மேடாக, நான்கு குமிழ்களோடு இருக்கும். தட்டையான படம் அந்த மேட்டில் சுருங்கத்தான் செய்யும். நனைக்கும் முன்பே விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நான்கைந்து சிறு வெட்டுகள் போட்டு, குமிழ் வரும் இடங்களில் ஊசியால் துளையிடுங்கள். ஒட்டியபின் நடுவிலிருந்து வெளிப்புறமாக ஈரப் பஞ்சால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவத்தை ஒரு துளி தடவுங்கள். படம் நெளிந்து பயமுறுத்தும். அப்போது தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் தானே மேட்டோடு படிந்துவிடும். காற்றுக் குமிழி மிஞ்சினால் ஊசியால் குத்தி இன்னொரு துளி விடுங்கள்.

ஒரு நாள் காய்ந்ததும் மேட் வார்னிஷ். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்; ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும். பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூசுவது நல்லது. குமிழ்களுக்குப் பித்தளை நிறத்தை இதற்கெல்லாம் பிறகே வையுங்கள். மேட் வார்னிஷ் பட்டால் அதன் மினுக்கு மங்கிவிடும்.