டிடிஎஸ் இறங்கிடுச்சு, ஃப்ளோரைடு இறங்கலையே!

எங்க அம்மா சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்குவாங்க. தர்மபுரி மாவட்டத்தில் பாட்டி வீட்டு போர்வெல் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தவங்க. முன்பல்லில் பழுப்புக் கோடுகள். தெருவில் பல பேருக்கு அப்படித்தான் இருந்ததால் அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. காரணம், பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளோரைடு. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லையென்றால் 1.5 வரை. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனாலும் தோட்டத்தில் வேலை செய்யும்போது பாட்டி இன்னும் அந்த போர்வெல் தண்ணியைத்தான் குடிக்கிறாங்க.

அதனால் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுத்தோம். முறையின் பெயர் கெப்பாசிட்டிவ் டீஅயனைசேஷன். பெயர்தான் பெரிசு, விஷயம் நீங்க ப்ளஸ் டூவில் படிச்ச கெப்பாசிட்டர்தான். இரண்டு கார்பன் எலக்ட்ரோடுகளுக்கு நடுவே தண்ணியை ஓடவிட்டு, சுமார் 1.2 வோல்ட் கொடுக்கணும். நெகட்டிவ் அயனிகள் பாசிட்டிவ் எலக்ட்ரோடின் நுண்துளைகளுக்குள் போய் ஒட்டிக்கும். சோடியம், கால்சியம் எல்லாம் எதிர்ப்பக்கம். எலக்ட்ரோடு நிறைந்ததும் வோல்டேஜை எடுத்தால் அல்லது திருப்பினால் எல்லாம் வெளியே வந்துடும், கழுவி மறுபடி பயன்படுத்தலாம். 1.2க்கு மேல் ரொம்பப் போகக் கூடாது, தண்ணியே உடைய ஆரம்பிக்கும்.

கொட்டாங்குச்சிக் கரியிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கார்பனை பைண்டரோடு குழைத்து, கிராஃபைட் ஷீட்டில் பூசினோம். முதல் ஓட்டத்திலேயே டிடிஎஸ் மீட்டர் பாதிக்கு மேல் இறங்கிடுச்சு. ஒரே கொண்டாட்டம், டீ எல்லாம் சொல்லியாச்சு. அப்புறம் ஃப்ளோரைடை அளந்தால்... கிட்டத்தட்ட அப்படியே இருக்கு!

ஏன்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடும் 250 மில்லிகிராம் குளோரைடும் உள்ள தண்ணின்னு வச்சுக்குங்க. அணு எடையால் (19, 35.5) வகுத்தால் ஃப்ளோரைடு 0.16 மில்லிமோல், குளோரைடு 7 மில்லிமோல். ஒரு ஃப்ளோரைடுக்கு நாற்பதுக்கும் மேல் குளோரைடு வரிசையில் நிக்குது. டிடிஎஸ் மீட்டருக்கு யார் போனாங்கன்னு தெரியாது, கூட்டம் குறைஞ்சதுன்னு மட்டும்தான் தெரியும்.

எண்ணிக்கை மட்டுமா பிரச்சினை? ஃப்ளோரைடு அயனி தனியா இருக்கும்போது குளோரைடை விடச் சின்னது. சின்னதுங்கிறதால் அதன் மின்புலம் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கமா இழுத்துப் பிடிச்சுக்குது. அந்தத் தண்ணீர்ப் போர்வையைக் கழட்ட ஃப்ளோரைடுக்கு மோலுக்கு சுமார் 465 கிலோஜூல் வேணும். குளோரைடுக்கு சுமார் 340, நைட்ரேட்டுக்கு சுமார் 300தான். குறுகிய துளைக்குள் நுழையணும்னா போர்வையைக் கொஞ்சமாவது கழட்டணும். நைட்ரேட் சுலபமா உள்ளே போயிடும், அது தட்டையான அயனி என்பதும் ஒரு வசதி. அதனால்தான் நைட்ரேட்டைப் பிடிக்க வெறும் கார்பனே ஓரளவு போதும், ஃப்ளோரைடுக்குப் போதாது. (எங்க டீமில் ஒருத்தன் 'பேசாம நைட்ரேட்டுக்கு மாத்திடலாம்டா'ன்னு சொன்னான். தப்பான யோசனை இல்லை. ஆனா பாட்டி கேட்டால் என்ன சொல்றது?)

ஆக, துளையின் அளவை மட்டும் நம்ப முடியாது, ஃப்ளோரைடோடு வேதியியல் உறவு உள்ள ஒரு பொருளைக் கார்பனோடு சேர்க்கணும். அலுமினியம், லாந்தனம், சிர்கோனியம் ஆக்சைடுகள் உண்டு. எனக்குப் பிடிச்சது ஹைட்ராக்ஸிஅபடைட். இது ஒரு கால்சியம் பாஸ்பேட். இதன் படிகத்தில் இருக்கும் ஹைட்ராக்சைடை வெளியே தள்ளிட்டு ஃப்ளோரைடு அந்த இடத்தில் கச்சிதமா உட்கார்ந்துடும், குளோரைடால் அவ்வளவு சுலபமா முடியாது. எலும்புக் கரியால் தண்ணியிலிருந்து ஃப்ளோரைடு எடுக்கும் பழைய முறையும் இதே வேதியியல்தான். இன்னொண்ணு தெரியுமா? நம்ம பல் எனாமலும் பெரும்பாலும் இதே பொருள்தான். அம்மா பல்லில் கோடு வந்தது வேற காரணத்தால்: எனாமல் உருவாகும் சின்ன வயசில் ஃப்ளோரைடு அதிகமானால் அந்த உருவாக்கமே கெட்டுப்போகுது.

சரி, பிடிச்சாச்சு. எப்படி விடுவிக்கிறது? இங்கேதான் நாங்க இப்போ மாட்டிக்கிட்டு நிக்கிறோம். வெறும் கார்பனில் அயனி மின்விசையால் மட்டும் ஒட்டியிருக்கு, வோல்டேஜைத் திருப்பினால் வந்துடும். அபடைட்டுக்குள் உட்கார்ந்த ஃப்ளோரைடு அப்படி லேசில் வராது. எவ்வளவு ஆசையா பிடிக்குதோ, அவ்வளவு பிடிவாதமா வச்சுக்குது. காரக் கரைசலில் கழுவிப் பார்க்கலாம், ஆனா அப்புறம் அந்தக் கழிவு நீரை எங்கே கொட்டுறது? போதாததுக்கு, பாசிட்டிவ் எலக்ட்ரோடு பக்கம் தண்ணி சில நேரம் அமிலமா மாறும். அபடைட் அமிலத்தில் கரையும். ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கும்போது எவ்வளவு ஃப்ளோரைடு பிடிச்சாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓட்டினாங்க, குளோரைடு கலந்த தண்ணியில் ஓட்டினாங்களா, இல்லை சோடியம் ஃப்ளோரைடு மட்டும் போட்ட சுத்த நீரிலான்னு பாருங்க. நாங்க இதைத் தெரிஞ்சுக்கவே ஒரு செமஸ்டர் ஆச்சு.

அளக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஃப்ளோரைடு மீட்டரில் வைக்கும் முன்னாடி சாம்பிளில் டிசாப் பஃபர் ஊற்ற மறக்காதீங்க. மறந்தால் அலுமினியம், இரும்போடு சேர்ந்திருக்கும் ஃப்ளோரைடு மீட்டர் கண்ணுக்கே படாது, 'ஆஹா, இறங்கிடுச்சு'ன்னு இன்னொரு தடவை டீ சொல்லுவீங்க. நாங்க சொன்னோம்.

இப்போ கார்பன் மேல் அபடைட்டை மெல்லிய பூச்சா மட்டும் போட்டு, குறைஞ்ச வோல்டேஜில் ஓட்டிப் பார்க்கிறோம். பாட்டி வீட்டு போர்வெல் தண்ணி இரண்டு கேன் லேபில் பெஞ்சுக்கு அடியில் இருக்கு. திங்கட்கிழமை முதல் முறையா அதை ஊற்றப் போறோம்.