ஸ்பானிய மொழியை விளையாட்டாய்க் கற்போம்

ஆங்கிலப் பாடத்தில் தடுமாறும் மாணவியர், இன்னோர் அயல்மொழி என்றதும் அஞ்சி ஒதுங்குகின்றனர். தமிழ்வழிப் பிரிவில் இந்த அச்சம் மிகுதி. ஆங்கிலத்தைக் கடந்த பின்னரே பிற மொழிகளுக்குள் நுழைய முடியும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ஸ்பானியத்தைப் பொறுத்தவரை இது உண்மையன்று. 20 நாடுகளில் ஆட்சிமொழியாக விளங்கும் அம்மொழிக்குத் தமிழிலிருந்தே நேராகச் செல்லலாம். பல இடங்களில் அதுவே குறுக்குவழி.

முதற் பாடத்துக்குப் புத்தகம் வேண்டா. வீட்டைச் சுற்றி வந்தால் போதும். மேசை அவர்களுக்கு 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. சட்டைப் பொத்தான் 'பொத்தோன்'. துவாலை 'தொஆயா'. பாட்டிமார் சொல்லும் குசினி 'கோசினா'. பழைய செபங்களில் வந்த 'இஸ்பிரீத்து சாந்து' கூட ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இவை 16ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த சொற்கள். போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் இலத்தீன் தாயின் இரு மகள்கள் அல்லவா? அக்காள் தந்த சொல்லைக் கொண்டு தங்கையை அடையாளம் காண்கிறோம். எனினும் எப்போதும் அப்படி அமையாது: சாவி 'யாவே' ஆகிவிடும், ஜன்னலோ 'பென்த்தானா'. நம் மேஸ்திரி சுவர் கட்டுபவர், அவர்களுடைய 'மாயெஸ்த்ரோ' பாடம் சொல்பவர்! 'பேனா' என்றால் அங்கே வருத்தம் என்று பொருள், கடையில் கேட்டுவிடாதீர்கள்.

இச்சொற்களைச் சீட்டில் எழுதிப் பொருள்களின் மீது ஒட்டுக. உயிரற்ற பொருளுக்கும் அவர்கள் ஆண்பால், பெண்பால் வகுத்திருப்பது நமக்குப் புதிது. மேசை பெண், பொத்தான் ஆண். பெண்பாலுக்குச் சிவப்புச் சீட்டும் ஆண்பாலுக்கு நீலச் சீட்டும் வைத்துக்கொண்டால் கண்ணே நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒலிப்பில் நமக்குக் கிடைத்துள்ள பேறு பெரிது. 'ஞ' அவர்களிடமும் உண்டு. குழந்தையை 'நீஞோ' என்பார்கள். இன்னும் சுவையானது ரகர றகர வேறுபாடு. 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை நன்கு அதிரவிட்டுப் 'பெறோ' என்றால் நாய். வகுப்பை இரு அணியாக்கி, ஓர் அணி சொல்ல, மற்ற அணி 'ஆனால்' என்றோ குரைத்தோ பதில் தரட்டும். இரண்டு ரகரங்களையும் ஒன்றாக்கிப் பேசும் நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பும் சேர்ந்தே திருந்தும்.

வினைச்சொல்லுக்குப் பந்து விளையாட்டு ஏற்றது. பந்தை எறிபவள் 'பாடுகிறேன்' என்றால் பிடிப்பவள் 'கான்த்தோ' எனல் வேண்டும். பாடுகிறாய், 'கான்த்தாஸ்'; பாடுகிறாள், 'கான்த்தா'; பாடுகிறோம், 'கான்த்தாமோஸ்'. விகுதியிலேயே ஆள் அடங்கிவிடுவதால் 'நான்', 'நீ' என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இவ்வசதி இல்லை. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் 'தூ', 'உஸ்தேத்' என்று அவர்களிடம் இருக்கிறது.

தமிழுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே இவ்வழியில் முன்னரே நடந்தவர் ஒருவர் உண்டு. இன்றைய ஸ்பெயினிலுள்ள நவாராவில் 1506-இல் பிறந்த புனித சவேரியார், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழ் அறியார். அவர்கள் மொழி ஒன்று, தம் தாய்மொழியோ பாஸ்கு என்று அவரே எழுதுகிறார். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். பின்பு கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைத் திரட்டி, நாள்தோறும் இருவேளை சொல்லிக்கொடுத்தார். கற்றதைப் பெற்றோருக்கும் வீட்டாருக்கும் கற்பிக்குமாறு அச்சிறுவரையே ஏவினார். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் இவையெல்லாம் உள்ளன. கற்றவரே அன்று மாலை ஆசிரியராகும் இம்முறையை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அம்மாவுக்கு ஐந்து சொல் கற்பிக்கும் சிறுமி அவற்றை மறப்பதில்லை.

எண்களுக்கு ரயில் வண்டியே வகுப்பறை. ஆவடியில் ஏறியதும் 'உனோ'. அன்னனூர் 'தோஸ்', திருமுல்லைவாயில் 'த்ரேஸ்', அம்பத்தூர் 'குவாத்ரோ', பட்டரவாக்கம் 'சின்க்கோ', கொரட்டூர் 'சேயிஸ்', வில்லிவாக்கம் 'சியேத்தே', பெரம்பூர் லோகோ 'ஓச்சோ', கேரேஜ் 'நுவேவே', பெரம்பூர் 'தியேஸ்'. சரியாகப் பத்து! எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறுக. இறங்காமல் தொடர்வோருக்கு வியாசர்பாடி ஜீவா 'ஓன்சே', பேசின் பிரிட்ஜ் 'தோசே', சென்ட்ரல் 'த்ரேசே'. திரும்பி வரும்போது தலைகீழாக எண்ண வேண்டும்.