ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

புறநகரில் குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் சுகாதாரத் துறையினர் வந்து கதவைத் தட்டுவார்கள். யானைக்கால் நோய்க்கு ரத்தப் பரிசோதனை என்பார்கள். "பகல்ல வந்தா ஆகாதா?" என்று எங்கள் தெருவில் சண்டையே நடக்கும். நோட்டீசைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் என்பதால், அந்தக் கேள்வி என்னிடமும் வந்தது.

பகலில் எடுத்தால் புழு அகப்படாது. இந்நோயை நம் நாட்டில் பெரும்பாலும் உண்டாக்குவது வூச்சரேரியா பான்கிராஃப்டி என்ற புழு. தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் குடியிருக்கும். அதன் குஞ்சுகளான மைக்ரோஃபைலேரியா பகலெல்லாம் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிவிட்டு, இரவு சுமார் 10 மணியிலிருந்து 2 மணிக்குள் தோலடி ரத்தத்துக்குக் கூட்டமாக வரும். கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான்! கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை 1877-ல் சீனாவின் அமோய் நகரில் கண்டவர் பேட்ரிக் மேன்சன்.

விரல் நுனியில் குத்தி எடுப்பது 20 கன மில்லிமீட்டர்தான். அதைக் கண்ணாடித் தகட்டில் தடிப்பாகப் பூசி, காயவைத்து, தண்ணீரில் சிவப்பைப் போக்கி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இப்போது பகலிலேயே பார்க்கக்கூடிய பட்டைச் சோதனையும் உண்டு. அது தாய்ப்புழுவின் ஆன்டிஜெனைக் காட்டும்.

"எனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு?" என்பவர்கள்தான் அதிகம். சங்கதியே அங்கேதான் இருக்கிறது. எங்க ஆயாவுக்குக் கால் வீங்கிப் பல வருஷம். அவங்க ரத்தத்தில் ஒரு புழுவும் இல்லை. நாள்பட்ட வீக்கக்காரர்கள் பலருக்கு அப்படித்தான். அதே தெருவில் தினமும் பந்து விளையாடும் ஒரு அண்ணனுக்கு இருந்தது. ஆயாவைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தவர்கள் அவரோடு தோளில் கைபோட்டுத் திரிந்தார்கள். (தொட்டால் ஒட்டாது, கொசு வழியாகத்தான் பரவும்.) டி.இ.சி. மாத்திரையை எடைக்குத் தக்கபடி 12 நாள் கொடுத்தார்கள். ஆயாவுக்கோ, தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைப்பதுதான் முக்கிய வைத்தியம். அதைச் செய்தால் அடிக்கடி வரும் காய்ச்சல் குறையும்.

சிவில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கியூலெக்ஸ் முட்டையிடுவது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும். சரிவு பார்க்காமல் கட்டிய கால்வாயில் தண்ணீர் தேங்கினால் அது கொசுப் பண்ணைதான். செப்டிக் டேங்க் வென்ட் பைப்பின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கம்பியால் இறுக்கிக் கட்ட ஐந்து நிமிஷம் போதும். எங்கள் வரிசையில் பாதி வீட்டுக்குக் கட்டியாயிற்று. மீதி வீட்டுக்காரர்கள் ஏணி கேட்கிறார்கள்.