குதிரை இல்லாத படையை எங்கே இறக்குவது?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடும் நம்மவர்கள் தோற்பதற்கு என் கணக்கில் முதல் காரணம், மேப்பைப் பார்க்காமல் சிவ்வை, அதாவது ஆடும் நாகரிகத்தை, தேர்ந்தெடுப்பது. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. திராவிடியன்ஸ் என்று ஒரு சிவ், அதற்கு அதிசயமாகத் தஞ்சைப் பெரிய கோயில், ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கேம்பெயின். அன்று முதல் தமிழன் என்றால் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆனால் ஹைதராபாத்தில் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஆட உட்காரும் உங்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் அரேபியா மேப்தான். வெட்டவெளி, கப்பல் விட இடமில்லை. அங்கே திராவிடியன்ஸை எடுத்துவிட்டு, 20 சதவீதம் கூடுதல் உயிரோடு வரும் பிராங்க்ஸ் குதிரைப்படை மரம் வெட்டுகிறவர்களை வெட்டிச் சாய்க்கும்போது ‘சிவ் வீக்’ என்று புலம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

திராவிடியன்ஸுக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கிறது. ஒரு டாக் (கப்பல்துறை) கட்ட 150. ஃபியூடல் யுகத்தில் கால் வைத்தவுடன், வேறு வேலையில் இருக்கும் ஒருவரையும் மரத்துக்கு மாற்றாமல் இரண்டாவது டாக்கைப் போட்டுவிடலாம்; மிச்சம் 50-இல் இரண்டு வீடு. மீனவர்கள் கூடுதல் சுமை தூக்குகிறார்கள், கடைசி யுகத்தில் திரிசடை கப்பல் காத்திருக்கிறது. தீவு மேப்பில் இந்த முன்னிலையைப் பிடிப்பது கஷ்டம். அரேபியாவிலும் அந்த மரம் வீணில்லை, ஒரு ஆர்ச்சரி ரேஞ்சுக்கு ஆகும். ஆனால் காஸில் யுகத்தில் எதிரிக்கு நைட் என்ற குதிரைவீரர்கள் வந்ததும் அந்த லாபம் தீர்ந்துவிடும்; திராவிடியன்ஸுக்கு நைட் கிடையாது.

நைட் கொடுக்காமல் நம்மை மட்டும் வஞ்சித்துவிட்டார்கள் என்பவர்களுக்கு: ஆட்டத்தின் நான்கு இந்திய சிவ்களில் எதற்குமே நைட் கிடையாது. வரலாறும் அவர்கள் பக்கம் இல்லை. பாண்டிய நாட்டில் கடல் வழியாக வந்து இறங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பின்றி மடிந்ததை மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். விஜயநகரமும் குதிரைக்குத் துறைமுகங்களையே நம்பியிருந்தது. நம் ஆட்கள் பேர் வாங்கியது 1025-இல் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் விட்டு.

ஜெயிக்கவா ஆடுகிறோம், பெருமைக்குத்தானே என்றால், அதற்கு ராஜேந்திரன் கேம்பெயின் இருக்கிறது. தனியாக எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம். நாலு பேர் டீமில் அந்தப் பெருமைக்கான விலையை மற்ற மூவர் கொடுக்கிறார்கள். லாபியில் முதலில் மேப்பைப் பாருங்கள். தீவென்றால் யோசிக்காமல் திராவிடியன்ஸ். அரேபியா என்றால் மற்ற இந்திய சிவ்களான குர்ஜராஸ் அல்லது ஹிந்துஸ்தானிஸ். டெல்லிக்காரன் ஆகிவிட்டாயா என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். எதிரியின் நைட்டுகளை ஹிந்துஸ்தானிஸின் ஒட்டகங்கள் நிறுத்திவிடும்.