விரைவும் தடையும்: பந்தயக் காரின் வில்லும் பிறேக்கும் பற்றிய ஒரு பாடம்

ஓடும் பொருளை மேலும் விரைந்தோடச் செய்தல் எளிது. ஓடுவதனை வேண்டிய இடத்தில், வேண்டியவாறு, வழி பிறழாது நிறுத்துதலே அரிது. மோட்டார்க்கார்ப் பந்தயத்தில் ஆர்வங்கொண்ட இளைஞர் முதலிற் கை வைப்பது பெரும்பாலும் எஞ்சினிலேயாம். அதன் ஒலி செவிக்கு இன்பம். அதன் வலிமை பிறரிடம் சொல்லிப் பெருமை கொள்ளத்தக்கது. சில்லுக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் பிறேக்கையும் வில்லையும் புகழ்வார் இலர். ஆயினும் கழகப் பந்தயங்களிற் பழகித் தேர்ந்தோர் இவ்வொழுங்கை மாற்றிக்கொள்வர்: முதலில் நிறுத்தல், பின்னர் திருப்பல், இறுதியிலேயே விரைதல். இதன் காரணத்தை நம் மாணாக்கர் விளங்கிக்கொள்ளுமாறு யாம் இங்கு எழுதப் புகுந்தோம்.

தமிழாசிரியருக்கு ஈதென்ன வேலை எனப் பழைய மாணவர் சிலர் நகைத்தலுங் கூடும். வண்டியைப் பற்றிப் பேசுதல் தமிழுக்குப் புதிதன்று. அச்சு, ஆர், குடம், நுகம் என உறுப்புத்தோறும் பெயர் வைத்த மொழி இது. புறநானூற்றில் ஔவையார் பாடிய பாட்டொன்றில், வழியில் அச்சு முறியுமாயின் உதவும்பொருட்டு உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே வேறோர் அச்சைக் கட்டிச் சென்ற செய்தி வருகின்றது. அதன் பெயர் சேமவச்சு. உதிரியுறுப்பின்றி நெடுவழி புறப்படலாகாது என்னும் அறிவு அத்துணைப் பழையது.

கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் இன்றும் நடைபெறும் மாட்டுவண்டிச் சவாரியைக் கண்டோர் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். சவாரி வண்டிக்கு வில்லுமில்லை, பிறேக்குமில்லை. குலுக்கத்தைச் சாரதியின் முழங்கால்கள் தாங்குகின்றன. நாணயக் கயிற்றை இழுக்க, மாடுகளே கால் ஊன்றி வண்டியை நிறுத்துகின்றன. காரிலோ அவ்விரு தொழிலையும் உலோகமும் இறப்பரும் எண்ணெயுமே செய்தல் வேண்டும். அவற்றுக்கு மாட்டின் அறிவு இல்லை. நாம் கொடுத்த அறிவே உண்டு.

பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமாதலின், ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறிய இருவர் காரை எடுத்துக்கொள்வோம். இஃது இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டு வெளிவந்தது. கழகப் பந்தயங்களில் இன்றும் ஓடுகின்றது. நம்மவர்க்கு இது முற்றும் அந்நியமன்று. இதன் திருப்பும் பொறி மொறிஸ் மைனரினின்றும், முன்பக்கத் தொங்கலமைப்பு ஒஸ்ரின் ஏ35இனின்றும் எடுக்கப்பட்டவை. அலெக் இஸிகோனிஸ் வகுத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் அடியிற் படுத்துக் கை கறுத்தோர் நம் பழைய மாணவரிற் பலருளர். பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெயில் ஓடித் திரிந்தவை இத்தகைய பழைய கார்களே.

முதலில் பிறேக்கு. ஓடும் பொருளொன்றின் இயக்கப்பாட்டுச் சத்தி, திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்க வருவதாகும். காரும் ஓட்டுநரும் சேர்ந்து 750 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 72 கிலோமீற்றர், அஃதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் அதன் சத்தி 150,000 யூல். வேகத்தை இருமடங்காக்கின், சத்தி நான்கு மடங்காகி 600,000 யூல் ஆகின்றது. எஞ்சினைத் திருத்தி வேகத்தைச் சிறிது கூட்டுவோர் பிறேக்கின் சுமையைப் பெரிதுங் கூட்டிவிடுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

இச்சத்தி எங்கே போகின்றது? பிறேக்கிலே வெப்பமாகின்றது. மூன்றில் இரு பங்கை முன்பக்கத்து இரு டிஸ்குகளும் ஏற்கின்றன என்றும், அவை ஒவ்வொன்றும் 4 கிலோகிராம் என்றும் வைத்துக்கொள்க. ஒரு கிலோகிராம் வார்ப்பிரும்பின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 460 யூல் வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்பின், மணிக்கு 144 கிலோமீற்றரிலிருந்து ஒருமுறை நிறுத்தும்போதே டிஸ்கின் வெப்பநிலை 110 பாகை அளவில் உயரும். பந்தயத்தில் ஒரு சுற்றிற் பலமுறை பிறேக்கு அழுத்தப்படுகின்றது. இடையில் ஆறுதற்குப் போதிய நேரமும் இல்லை. ஆகவே, பந்தயப் பிறேக்கின் தரம் முதல் அழுத்தத்தில் தெரிவதன்று, பத்தாஞ் சுற்றிலே தெரிவது.

முதல் ஸ்பிறைற்றின் நான்கு சில்லுகளிலும் டிரம் பிறேக்குகளே இருந்தன. டிரம் சூடேறும்போது விரிந்து, உட்புறத்திலுள்ள கட்டைகளை விட்டு விலகுகின்றது. ஓட்டுநர் மிதியை மேலும் ஆழ அழுத்தவேண்டியவராகின்றார். வெப்பமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றது. டிஸ்கோ வெளியே காற்றிற் சுழல்வது. அது விரியினும் பட்டைகளை நோக்கியே தடிக்கின்றது. 1962இல் இக்காரின் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக்குகள் வந்தன. பழைய காரை வைத்திருப்போர் முதலிற் செய்யும் திருத்தமும் இதுவே.

டிஸ்கின் பெருமையை உலகறியச் செய்தது பிரான்சிலுள்ள லெ மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயம். 1953இல் டன்லொப் டிஸ்க் பிறேக்குகள் பூண்ட ஜகுவார் கார் அங்கு வென்றது. இரண்டாண்டு கழித்து, 1955 யூன் 11இல், அதே களத்தில் பெருந் துயரம் நிகழ்ந்தது. டிஸ்க் பிறேக்குள்ள ஜகுவார் ஒன்று தரிப்பிடத்தை நோக்கிச் சட்டென வேகங் குறைத்தது. பின்வந்த ஒஸ்ரின் ஹீலி விலகியது. அதன் மேல் டிரம் பிறேக்குள்ள மெர்சிடிஸ் மோதி மக்கள் நடுவே சிதறியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்துக்குக் காரணம் பலவாயினும், ஒரே பாதையில் வேறுவேறு வலிமையுள்ள பிறேக்குகளோடு கார்கள் நெருங்கி ஓடுதல் எத்துணை இடருடையது என்பதை அந்நாள் காட்டிற்று. கழகப் பந்தயங்களில் ஒருதன்மைத்தான கார்களை ஒரு வகுப்பாக நிறுத்துதலின் பயனை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

டிஸ்கு வாங்கப் பணமில்லாதார் அஞ்சற்க. சிறு செலவிற் பெருநன்மை தருவது பிறேக்கு எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாயின் குறைந்தது 230 பாகையிலேயே கொதிக்கும். ஈரம் ஏறிய பின்னரோ அவ்வெல்லை 155 பாகை வரை இறங்கும். கொதித்தெழும் ஆவி நெருக்கத்துக்கு ஒடுங்குவது. ஆதலின், மிதி தரையைத் தொட்டும் கார் நில்லாது. முல்லைத்தீவுக் கடற்காற்றில் மூடி திறந்து வைத்த எண்ணெய்ப் போத்தலை மறுமாதம் பயன்படுத்துவோர் இதனைக் கருத்திற் கொள்க. இன்னொன்று: மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டிப் பழகிய நம் ஊர்த் துணிவு பிறேக்கில் வேண்டா. எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஒரு துளி கலந்தாலும் உள்ளிருக்கும் இறப்பர் அடைப்புகள் ஊதிப் பழுதாகும்.

பழைய இறப்பர்க் குழாய் அழுத்தத்தில் வீங்கும். அதனால் காலின் விசையிற் சிறிது வீணாகும். உருக்கிழை பின்னிய குழாய் வீங்காது. பந்தயப் பட்டைகளோ உயர்ந்த வெப்பத்தில் நன்கு பிடிப்பவை. குளிர்ந்திருக்கும்போது பிடியாதவையும் உண்டு. சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் காரில் அவற்றைப் பூட்டுதல் பேதைமை.

கார் நிற்கும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதை யாவரும் உணர்ந்திருப்பர். எவ்வளவு சாய்கின்றது என்பதையும் கணிக்கலாம். ஸ்பிறைற்றின் முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 2.03 மீற்றர். புவியீர்ப்பு மையம் நிலத்தினின்று 0.45 மீற்றர் உயரத்திலும், வேகத் தளர்ச்சி புவியீர்ப்பு ஆர்முடுகலின் பத்தில் எட்டாகவும் இருப்பின், 133 கிலோகிராம் பாரம் பின்னிருந்து முன்னே போகும். பாதிக்குப் பாதி நின்ற பாரம் முன்னே 508 ஆகவும், பின்னே 242 ஆகவும் மாறும். பின்சில்லின் பிறேக்கு அளவுக்கு மீறி வலிதாயின், பாரமிழந்த அச்சில்லு முதலில் இறுகி வழுக்கும். காரும் பம்பரம்போற் சுழலும். முன்னே பெரிய டிஸ்கு பூட்டியபின் பின்னையும் அவ்வாறே பெருக்கவேண்டும் என்று எண்ணுதல் தவறு. முன்சில்லு சற்று முந்தி இறுகுதலே பிழைக்கும் வழி.

இனி வில். வில் அதிர்ச்சியை அழிப்பதில்லை. வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கின்றது. அதனை அடக்கி வெப்பமாக்குவது சொக் அப்சோபர். வில்லை மட்டும் வலிதாக்கி அதனைப் பழையபடி விட்டால், கார் மேடு தாண்டியும் துள்ளிக்கொண்டேயிருக்கும். துள்ளும் சில்லு நிலத்தைப் பிடியாது. ஸ்பிறைற்றின் முன்பக்கத்தில் அதன் கையே மேல் இணைப்பாகவும் பணிசெய்வதால், அது தேய்ந்தால் சில்லின் சாய்வே பிறழும். பின்பக்கத்தில் முதலில் ஒருமுனை மட்டும் உடலிற் பொருத்திய குறுந் தகட்டு வில் இருந்தது. 1964இல் இருமுனையும் பொருத்திய நீண்ட தகட்டு வில் வந்து காரின் நடையைச் சீராக்கியது.

வளைவிற் கார் ஒருபுறம் சரிவதைக் குறைக்க, இரு முன்சில்லுகளையும் இணைக்கும் உருக்குக் கம்பியொன்றைப் பூட்டுவர். ஒரு சில்லு மேலெழ முயலுங்கால் கம்பி முறுகி மற்றச் சில்லோடு சேர்ந்து எதிர்க்கும். முறுகும் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 14 மில்லிமீற்றர்க் கம்பியை 16 ஆக்கினால், இரண்டே மில்லிமீற்றரில் விறைப்பு ஏறத்தாழ 1.7 மடங்காகும். மொறிஸ் மைனரின் முன்வில்லும் இத்தகைய முறுகு கம்பியே என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பாகாது. முன்னே மட்டும் மிகத் தடித்த கம்பி இட்டால், கார் வளைவிலே திரும்ப மறுத்து வெளிப்புறம் தள்ளும். ஆகவே சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்தல் நன்று.

காரை மிகத் தாழ்த்துவதிலும் எமக்கு உடன்பாடில்லை. தாழ்ந்தால் பாரச் சாய்வு குறையும், உண்மையே. ஆனால் வில் அமுங்க இடமின்றி அடித்தட்டில் முட்டும் கணத்தில் ரயரின் பிடி திடீரென இல்லாதொழியும். புதியதை வாங்குமுன் தேய்ந்ததை மாற்றுக. இறப்பர்ப் புதைகள், கிங்பின், சில்லுத் தாங்கிகள் என்பவற்றில் ஆட்டம் இருக்கும்வரை விலையுயர்ந்த வில் பயனற்றது. கிறீஸ் இடாது விட்ட மொறிஸ் மைனரின் கீழ் மூட்டு திடீரெனக் கழன்று முன்சில்லு மடிந்து விழுந்த கதை மூத்த மெக்கானிக்குகள் அறிந்ததே. பின்னர் நூல் கட்டி நாற்சில்லின் நேரையும் அளந்து பார்க்க.

வன்னியில் இத்தகைய காருக்குக் களம் இல்லை. 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தோட்டை மலையேற்றமும், போர்க்கால விமானத் தளத்தில் அமைந்த கட்டுக்குருந்தைப் பாதையும் தெற்கிலுள்ளன. சென்னையில் 1953இல் தோன்றிய மோட்டார்க் கழகமும் சோழவரத்து விமானத் தளத்தையே முதலிற் களமாக்கியது. களத்திலும் இடருண்டு: 2024 ஏப்பிரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் காரொன்று பார்வையாளர் மேற் பாய்ந்து எழுவர் இறந்தனர். களத்திலேயே இவ்வாறாயின், கால்நடை குறுக்கிடும் ஏ9 வீதியைக் களமாக்குவதை எங்ஙனம் ஏற்பது? அறிவியல்நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழினுட்பம் பயில நம் மாணாக்கருக்கு வழியுண்டு. அங்கு செல்வோர் மேற்கூறிய கணக்குகளைக் கையாற் செய்து பார்க்கலாம்.

வேலை முடிந்தபின் எண்ணெய்க் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கால், மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்குதலே வழக்கம். குமிழி வருதல் முற்றும் நின்ற பின்னர், மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க. அது கல்போல் நின்றால், நடைவேகத்தில் முதலிற் சோதிக்கலாம். மெல்லக் கீழிறங்குமாயின் எங்கோ கசிவு உண்டு. அன்று கார் கராஜை விட்டு வெளியேறலாகாது.