எண்தான் மாறியது, சாலை அல்ல!

பழைய வரைபடத்தில் சென்னை–திருச்சி சாலை என்.எச். 45. இப்போது மைல்கல்லில் 32, 132, 38 என்று மாறி மாறி வருகிறதே, வழி தவறிவிட்டேனா?

இல்லை, நீங்கள் போவது அதே பழைய ஜி.எஸ்.டி. சாலைதான். 2010-ல் மத்திய அரசு நாடு முழுக்க எண்களை மாற்றியபோது 45 துண்டு துண்டாகிவிட்டது: திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, பிறகு திருச்சி வரை 38. புதிய முறையில் வடக்கு-தெற்கு சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு-மேற்குக்கு ஒற்றைப்படை. மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைக் காட்டிக்கொடுக்கும். 132 என்பது 32-ன் கிளை. ஒன்றில் மட்டும் கவனம்: 32-ஐயே பிடித்துக்கொண்டு போனால், திண்டிவனத்தில் புதுச்சேரிப் பக்கம் திரும்பிவிடுவீர்கள். அங்கே பலகையில் எண்ணைத் தேடாமல் ‘விழுப்புரம்’ என்ற பெயரைப் பார்த்து ஓட்டுங்கள்.